தடிமன்

ஒலிப்பதிவில் பதினேழாவது நிமிடம்.
மின்விசிறி கறகறக்கிறது, யாரோ கதிரையை இழுக்கிறார்கள்,
அதற்குள்ளே வீரகத்தி சொல்கிறார்:
"அந்த ரெண்டு வெளிச்சத்தாலதான் மிஸ்"
பிறகு அந்தச் சொல்.

பின்னுக்குப் போய்த் திரும்பக் கேட்கிறேன். ஆறு தரம்.
குழம்பினது என்றால் அவரே குழம்பினார்.
குழப்பினது என்றால் இழுவைப் படகுக்காரன் குழப்பினான்.
உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் ஒட்டிப் பிரிகிறது.
மூக்கு திறந்திருந்ததா என்பதே வழக்கு.

அன்றைக்கு அவருக்குத் தடிமன்.
பதினோராவது நிமிடத்தில் தும்மி
"பன்னிக்கோணும்" என்கிறார்.

நடந்தது இவ்வளவுதான்.
கொட்டியாரக் குடா, விடியப்புறம் மூன்று மணி.
முன்னுக்கு ஒரு வெளிச்சம், பின்னுக்கு ஒரு வெளிச்சம்,
நடுவில் இருட்டு. கடலில் இருட்டென்றால் வழி.
அந்த வழிக்குள் ஒரு கம்பிவடம்
இழுவைப் படகையும் மணல் பார்ஜையும் கட்டியிருந்தது.
போட் குப்புறப் புரண்டது.
நாற்பது குதிரை வலு எஞ்சின் அடியில்.
மச்சான்காரனின் இரண்டு விரல் எங்கென்று தெரியாது.

காப்புறுதிக் கம்பனி கொழும்பில்.
அதற்கு ஆங்கிலம் வேண்டும், சொல்லுக்கு ஒன்பது ரூபா.

பள்ளிக்கூடத்தில் இதைக் கரும்பலகையில் எழுதித் தந்தார்கள்,
தன்வினை ஒரு பக்கம், பிறவினை மறு பக்கம்.
திருந்தினான், திருத்தினான்.
அடங்கினான், அடக்கினான்.
யார் யாரை என்று நாங்கள் கேட்கவில்லை.
மணி அடித்துவிட்டது.

மிஸ்லெட் என்று எழுதினால்
ஒருவன் கையைப் பிடித்து இருட்டுக்குள் கூட்டிப்போனது போலாகும்.
அந்நேரம் அங்கே ஒருவன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்திருப்பான்,
வீரகத்தி என்று ஒரு ஆள் இருப்பதே தெரியாமல்.
பஃபிள்ட், கணக்குக்கு முன் முழிக்கும் பிள்ளை.
பிவில்டர்ட் என்பதற்குள் ஒரு காடு இருக்கிறது,
கடலில் காட்டை எங்கே வைக்க?
மடில்ட் என்றால் மப்பு என்பான் கம்பனிக்காரன்;
குடிக்கவில்லை என்று நாலாம் பக்கத்தில் டொக்டர் எழுதியிக்கொடுத்தும்
என்பான்.
குழப்பத்துக்கு அகராதி கடைசியாக
டிஸ்ற்றேபன்ஸ் என்றும் தருகிறது.
அதை வாசித்ததும்
கடைவீதியில் பலகைகள் ஒவ்வொன்றாய்ச் சாத்துப்படும் சத்தம்.
அகராதியை மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவரையே வரச் சொன்னேன்.
உட்துறைமுக வீதியில் ஒரு மான்
யாரோ எறிந்த லொத்தர்ச் சீட்டைச் சப்பிக்கொண்டு நின்றது.
அதைச் சுற்றி வந்து சைக்கிளை மதிலில் சாத்தினார்.
தடிமன் சுகம்.

"அண்டைக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கோ."
"என்ன சொன்னனான்?"
மூக்கைத் திறந்து ஒருமுறை, அடைத்து ஒருமுறை
நானே சொல்லிக் காட்டினேன்.
மேசையிலிருந்த என் முத்திரையைப் பார்த்தபடி இருந்தார்.
"எதுக்கு மிஸ் எஞ்சின் வரும்?"

அதைச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணித்தான்
அந்த முத்திரையை வாங்கினேன்.
"ரெண்டும்தான்," என்றார் அவரே.
"குழப்பினாத்தானே குழம்பும்."
எழும்பிப் போகையில் மச்சானுக்கு வலக்கை என்றார்,
நான் கேட்காமலே.

அவர் போனபின் எழுதினேன்: வொஸ் கொன்ஃபியூஸ்ட்.
யாரால் என்று அது சொல்லாது,
தானாகவா என்றும் சொல்லாது.
அந்த இடத்தில் ஆங்கிலத்துக்கும் மூக்கடைப்பு.

இரண்டு சொல், பதினெட்டு ரூபா.
கொழும்பில் எந்தப் பக்கமாய் வாசிப்பார்களோ.
இந்தப் பக்கம் எஞ்சின்,
அந்தப் பக்கம் ஒரு மன்னிப்புக் கடிதம்.
நான் நடுவால் போயிருக்கிறேன்.
அங்கேதான் இருட்டாக இருந்தது.